சாவி யாரிடம் இருக்கிறது?

டார்ச் விளக்கு எரிய வேண்டுமானால், அதைப் பிடித்திருப்பவர் எந்த ஊரில், எந்தத் தெருவில் நிற்கிறார் என்பது விளக்குக்குத் தெரிந்திருக்க வேண்டுமா? 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்' என்ற இலவசச் செயலி, வேண்டும் என்று நினைத்தது. ஆண்ட்ராய்ட் போனை டார்ச்சாக மாற்றித் தந்த அந்தச் செயலி கோடிக்கணக்கான முறை இறக்கிக்கொள்ளப்பட்டது. விளக்கு எரிந்தது. கூடவே போனின் அடையாள எண்ணும் அது இருக்கும் இடமும் விளம்பர நிறுவனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2013 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்த விஷயத்தைக் கையில் எடுத்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. நிபந்தனைகளை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டு இரண்டு பொத்தான்களை அந்தச் செயலி காட்டியது. எதை அழுத்துவது என்று பயன்படுத்துபவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தகவல் போகத் தொடங்கிவிட்டிருந்தது.

மறுக்கிறேன் என்ற பொத்தான் அங்கே வெறும் அலங்காரம். இந்தியாவில் விற்பனையாகும் ஸ்மார்ட்போன்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்ட் போன்கள்தான். அவற்றை வைத்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் இப்படிப்பட்ட பொத்தான்களை நாள்தோறும் அழுத்திக்கொண்டிருக்கிறோம். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா? புகைப்படங்களைப் பார்க்கலாமா? ஒலிவாங்கியைத் திறக்கலாமா? பஸ்ஸில் நின்றுகொண்டோ, அடுப்பில் பால் பொங்கும் நேரத்திலோ, கேள்வியைப் படிக்காமலே விரல் பதில் சொல்லிவிடுகிறது.

அந்த விரல் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, போனை ஒரு பெரிய வீடாகக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். லினக்ஸின் மூதாதை, ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்ந்துகொண்ட எழுபதுகளின் யூனிக்ஸ். ஒருவருடைய கோப்பை இன்னொருவர் திறந்துவிடாதபடி ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்துப் பிரித்துவைக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்கள் அந்த ஏற்பாட்டை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். மனிதர்களுக்குப் பதிலாக ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஓர் அறை. செய்தித்தாள் செயலி தன் அறையில், வங்கிச் செயலி தன் அறையில். ஒன்று மற்றதன் அறைக்குள் எட்டிப்பார்க்க முடியாது. தொடர்பு எண்கள், புகைப்படங்கள், இருப்பிடம், ஒலிவாங்கி, கேமரா ஆகியவை கூடத்தில் பூட்டிவைத்த அலமாரிகள். அவற்றைத் திறக்க வேண்டும் என்றால் உங்களைக் கேட்க வேண்டும்.

கேட்கும் முறை சரியாக வருவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. முதல் ஆண்ட்ராய்ட் போன் 2008இல் கடைக்கு வந்தது. அன்றிலிருந்து 2015 வரை, ஒரு செயலியை நிறுவும்போது நீண்ட பட்டியல் ஒன்று திரையில் வரும். முழுவதையும் ஏற்றுக்கொள்ளலாம், அல்லது அந்தச் செயலியே வேண்டாம் என்று விட்டுவிடலாம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை மறுக்க வழி இல்லை. 2015இல் வந்த ஆறாம் பதிப்புதான் அலமாரிகளைத் தனித்தனியாகப் பூட்டவும் திறக்கவும் வகைசெய்தது. செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் இருப்பிடத்தைத் தருவது 2019இல் வந்தது. இந்த ஒருமுறை மட்டும் என்று தருவது 2020இல். ஒலிவாங்கியோ கேமராவோ திறந்திருந்தால் திரையின் மேல்மூலையில் பச்சைப் புள்ளி தெரிவதும், சரியான முகவரிக்குப் பதில் தோராயமான பகுதியை மட்டும் சொல்வதும் 2021இல். சில மாதங்கள் தொடாமலே கிடக்கும் செயலிகளிடமிருந்து அனுமதிகளைப் போனே திரும்பப் பெற்றுக்கொள்ளும் வசதியும் இப்போது உண்டு. தேர்தலில் விரலில் வைக்கும் அழியா மை எங்கள் மைசூரில்தான் தயாராகிறது. அந்த மையே சில வாரங்களில் நகத்தோடு வளர்ந்து போய்விடும். போனில் வைத்த விரல்தான் வெகுகாலம் அழியாமல் இருந்தது.

இவ்வளவும் சின்னச் சாவிகள். வீட்டுக்குப் பெரிய சாவி ஒன்று உண்டு. யூனிக்ஸ் காலத்திலிருந்தே அதற்கு 'ரூட்' என்று பெயர். வேர் என்பது அதன் நேர்ப்பொருள். கோப்புகளின் மரம் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்தின் அதிகாரி. ரூட்டுக்கு எந்த அறையும் மூடியதில்லை. எதையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அந்தக் காலத்துக் கணிப்பொறி மையத்தில் இந்த அதிகாரம் நிர்வாகியிடம் இருந்தது. இன்றும் வீட்டு மேஜைக் கணிப்பொறியில் அதன் சொந்தக்காரர் நிர்வாகியாகலாம். போனில் மட்டும் அப்படி இல்லை. இருபதாயிரம் ரூபாய் கொடுத்து நீங்கள் வாங்கிவந்த போனில் பெரிய சாவி உங்களிடம் தரப்படுவதில்லை. தயாரித்த நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது.

இந்த நிலை எங்கள் பகுதிக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கும். நான் வசிப்பது மைசூர் விஜயநகரில். முதலாம் கட்டத்தில் யோக நரசிம்மர் கோயிலைச் சுற்றித் தொடங்கி நான்காம் கட்டம் வரை நீண்டிருக்கும் குடியிருப்பு இது. 2024இல் 'முடா' மனை ஒதுக்கீட்டுச் சர்ச்சையில் இதன் மூன்றாம், நான்காம் கட்டங்களின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. நகர வளர்ச்சி ஆணையங்களிடம் மனை பெற்ற பலருக்குக் கர்நாடகத்தில் முதலில் கைக்கு வந்தது விற்பனைப் பத்திரம் அல்ல, குத்தகையும் விற்பனையும் கலந்த ஓர் ஒப்பந்தம். பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, வீடும் எழுப்பியாகிவிட்டது. ஆனாலும் குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்து, நிபந்தனைகள் நிறைவேறி, முழு உரிமைப் பத்திரம் பதிவாகும் வரை அவர் சட்டப்படி குத்தகைக்காரர்தான். விற்க முடியாது. மனையாவது ஒரு நாள் முழுச் சொந்தமாகும். போனுக்கு அப்படி ஒரு பத்திரப் பதிவு நாள் கிடையாது.

ஆகவேதான் சிலர் பூட்டை உடைக்கிறார்கள். இதற்கு ரூட் செய்வது என்று பெயர். பூட்லோடர் என்னும் தொடக்கப் பூட்டைத் திறந்து, அமைப்பின் ஒரு பகுதியை மாற்றி, பெரிய சாவியைத் தன் கைக்குக் கொண்டுவருவது. திருட்டு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. செய்பவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. வாங்கும்போதே போனில் ஏற்றி வந்த, வேண்டாத, நீக்கவும் முடியாத செயலிகளை நீக்கலாம். தயாரிப்பாளர் கைவிட்ட நான்கு வயதுப் போனில் 'லினியேஜ்' போன்ற பொது அமைப்பை ஏற்றி இன்னும் மூன்று ஆண்டுகள் ஓட்டலாம். இன்னொரு காரணமும் உண்டு. பலருக்கு அது தெரியாது. இணையத்தோடு தொடர்புகொள்ளும் அனுமதியை ஆண்ட்ராய்ட் உங்களிடம் கேட்பதே இல்லை. செயலி விரும்பினால் தானாகவே கிடைத்துவிடும். கால்குலேட்டருக்கு இணையம் எதற்கு என்று நினைப்பவர், பெரிய சாவி கையில் இருந்தால் அந்தக் கதவையும் அடைக்கலாம்.

விஜயநகரில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் என் காதில் விழுந்த உரையாடல் ஒன்று, இதன் விலையைச் சரியாகச் சொல்லிவிட்டது. கல்லூரி மாணவன் ஒருவன் பழைய போன் ஒன்றை நீட்டி, “இதை ரூட் பண்ணிக் கொடுங்கண்ணா” என்றான். கடைக்காரர் நிமிராமலே, “பண்ணலாம்ப்பா. ஆனா அப்புறம் பணம் அனுப்பற ஆப் ஓடலேன்னு எங்கிட்ட வரக் கூடாது. காபி குடிக்க சில்லறை வச்சிருக்கியா?” என்றார். பேச்சு கன்னடத்தில் நடந்தது, பொருள் இதுதான். பையன் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

கடைக்காரர் சொன்னது உண்மை. பூட்லோடரைத் திறந்தாலே போனில் உள்ளவை அழிந்துபோகும். உத்தரவாதமும் கேள்விக்குள்ளாகும். போன் பூட்டு உடைந்ததா இல்லையா என்று வங்கிச் செயலிகளும் யூபிஐ செயலிகளும் சோதித்துப் பார்க்கின்றன. உடைந்தது என்று தெரிந்தால் பல செயலிகள் திறக்க மறுக்கின்றன. வங்கிகளைக் குறை சொல்லவும் முடியாது. செயலிகளைத் தனித்தனி அறையில் வைத்த சுவர்தான் பணத்துக்குப் பாதுகாப்பு. ரூட் அதிகாரம் பெற்ற ஒரு செயலி அந்தச் சுவரைத் தாண்டி எந்த அறைக்குள்ளும் போகலாம். நீங்கள் நல்ல காரணத்துக்காகத் திறந்த கதவு, நாளை நீங்கள் தெரியாமல் நிறுவும் ஒரு திருட்டுச் செயலிக்கும் திறந்தேதான் இருக்கும். பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள்கள் ஆண்ட்ராய்ட் போன்களில் தேடிப்போனதும் இதே அதிகாரத்தைத்தான்.

ஆனால் இதற்கு மறுபக்கம் இருக்கிறது. தன் போனில் தானே அதிகாரியாக இருக்க விரும்பும் மனிதன் சந்தேகத்துக்கு உரியவன் ஆகிவிடுகிறான். ரூட் செய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் 'மேஜிஸ்க்' என்ற மென்பொருளை 2016இல் வெளியிட்டவர் ஜான் வூ என்ற தைவான் இளைஞர். போன் ரூட் செய்யப்பட்டிருப்பதை வங்கிச் செயலிகளிடமிருந்து மறைக்கும் வசதியும் அதில் இருந்தது. 2021இல் அவர் கூகிளின் ஆண்ட்ராய்ட் பாதுகாப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். மேஜிஸ்க் தொடர்ந்தது; மறைக்கும் வசதி கைவிடப்பட்டது. மாற்றுச் சாவி செய்தவரைப் பூட்டுக் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொண்டதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ரூட் என்பது கை தேர்ந்த சிலருக்கான வழி, எல்லோருக்குமான விடுதலை அல்ல என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். சம்பளமும் பென்ஷனும் காய்கறிக்கடைக் கணக்கும் போனில் வந்துவிட்ட பிறகு, எனக்கும் உங்களுக்கும் மிஞ்சியிருப்பவை சின்னச் சாவிகள்தான்.

அவற்றின் மதிப்பைக் கடன் செயலிகள் காட்டிக்கொடுத்தன. கொரோனா காலத்தில் வேலை இழந்தவர்களுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் என்று சில நிமிடங்களில் கடன் தர எத்தனையோ செயலிகள் முளைத்தன. ஈடு கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி மட்டும் கேட்டன. உண்மையில் அதுதான் ஈடு. தவணை தவறியதும் கடன் வாங்கியவரின் மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் பள்ளித் தோழிக்கும் அவரைத் திருடர் என்று சொல்லும் செய்திகள் போயின. சிலருடைய புகைப்படங்கள் ஆபாசமாக மாற்றப்பட்டுச் சுற்றுக்கு விடப்பட்டன. தெலங்கானாவில் 2020இன் கடைசியில் சிலர் தற்கொலை செய்துகொண்ட பிறகு போலீசார் கைது நடவடிக்கையில் இறங்கினார்கள். ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, 2021இன் முதல் இரண்டு மாதங்களில் மட்டும் இந்திய ஆண்ட்ராய்ட் போன்களுக்காகச் சுமார் 1,100 கடன் செயலிகள் இருந்ததாகவும், அவற்றில் சுமார் 600 சட்டவிரோதமானவை என்றும் கண்டறிந்தது.

2022 செப்டம்பர் 2ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இந்த இடத்தில்தான் கைவைத்தன. கடன் செயலிகள் போனில் உள்ள கோப்புகளையும் படங்களையும் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது. வாடிக்கையாளரை அடையாளம் காண கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றை ஒரே ஒரு முறை, வெளிப்படையான ஒப்புதலோடு கேட்கலாம். 2023 மே 31 முதல் கூகிளும் தன் கடையில் உள்ள கடன் செயலிகளுக்கு, தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்கக் கூடாது என்று விதி போட்டது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. மறுக்கும் பொத்தான் கடன் வாங்கியவரின் போனில் 2015இலிருந்தே இருந்தது. அவர் ஏன் அதை அழுத்தவில்லை? அழுத்தினால் கடன் கிடைக்காது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு நாளை கடைசி நாள் என்ற நிலையில் இருப்பவரிடம், விருப்பம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்பது கேள்வியே அல்ல. தொழில்நுட்பம் தந்த சாவிக்குச் சட்டம் வலிமை கொடுத்த பிறகுதான் அது பூட்டைப் பூட்டியது. இன்னொன்றும் உண்டு. தொடர்புப் பட்டியலைக் கொடுப்பவர் தன்னுடையதை மட்டும் கொடுப்பதில்லை. அதில் இருக்கும் முந்நூறு, நானூறு பேருடைய பெயரையும் எண்ணையும் அவர்களைக் கேட்காமலே கொடுக்கிறார். என் எண் எத்தனை பேருடைய விரல் வழியாக எங்கெங்கே போயிருக்கிறது என்பது எனக்குத் தெரிய வழியில்லை.

வியாபாரி கேட்டால் வேண்டாம் என்று வேறு கடைக்குப் போகலாம். அரசாங்கம் கேட்டால்? 2020 மார்ச் 30ஆம் தேதி கர்நாடக அரசு, வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்கள் ஒரு செயலி வழியாக மணிக்கு ஒரு முறை தங்களைத் தாங்களே படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. படத்தோடு இருப்பிடமும் சேர்ந்து போகும். இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை தூங்கிக்கொள்ளலாம்; மற்ற நேரத்தில் படம் வராவிட்டால் பொது முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்கு மூன்றே நாள் கழித்து மத்திய அரசின் 'ஆரோக்கிய சேது' வந்தது. ப்ளூடூத்தும் இருப்பிடமும் அதற்கு வேண்டும். மே 1ஆம் தேதி உள்துறை அமைச்சகம் அலுவலகப் பணியாளர்கள் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நொய்டாவில் போலீசார், போனில் அது இல்லாமல் வெளியே வந்தால் தண்டிக்கலாம் என்ற அளவுக்குப் போனார்கள். பிறகு மே மாதமே 'கட்டாயம்' என்பது 'முடிந்தவரை' என்று மென்மையானது.

நோய்க் காலத்தில் அரசுக்கு அவசரம் இருந்தது உண்மை. ஆனால் எந்தச் சட்டத்தின்படி என்ற கேள்வியைப் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருளாளர் அனிவர் அரவிந்த் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் எழுப்பினார். 2020 அக்டோபர் 19ஆம் தேதி நீதிமன்றம், சட்டத்தின் ஆதரவு இல்லாத நிலையில், இந்தச் செயலி போனில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அரசின் எந்தச் சேவையையும் குடிமகனுக்கு மறுக்க முடியாது என்றது. 2021 ஜனவரி 25ஆம் தேதி, திரட்டிய தகவலை, உரியவர்கள் விவரம் அறிந்து ஒப்புதல் தராமல், மற்றத் துறைகளோடு பகிர்ந்துகொள்வதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்த இரண்டு உத்தரவுகளுக்கும் அடிப்படை, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு. அந்த வழக்கைத் தொடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி மைசூர் மகாராஜா கல்லூரியில் படித்தவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு 2012இல் வழக்குப் போட்டார்; 98ஆம் வயதில் 2024இல் மறைந்தார்.

பெரிய சாவியைப் பற்றிய தகராறும் ஓயவில்லை. போனோடு வரும் தன் செயலிகளைப் பயன்படுத்துபவர்கள் நீக்குவதைக் கூகிள் தடுக்கக் கூடாது என்பது, 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதத்தோடு விதித்த நிபந்தனைகளில் ஒன்று. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. அந்த நிபந்தனையை மட்டும் வேறு சிலவற்றோடு சேர்த்து நீக்கிவிட்டது. 2025 நவம்பர் 28ஆம் தேதி இன்னொரு உத்தரவு. தொலைந்த போனைக் கண்டுபிடிக்கவும் மோசடி அழைப்புகளைப் புகார் செய்யவும் உதவும் 'சஞ்சார் சாத்தி' செயலியை எல்லாப் புதுப் போன்களிலும் 90 நாளுக்குள் ஏற்றி அனுப்ப வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை தயாரிப்பாளர்களுக்குச் சொன்னது. செய்தி வெளியானதும் எதிர்ப்புக் கிளம்பியது. வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்றார் அமைச்சர். டிசம்பர் 3ஆம் தேதி உத்தரவே திரும்பப் பெறப்பட்டது. செயலி நல்லதா கெட்டதா என்பதல்ல அந்த வாரத்தின் விவாதம். என் வீட்டில் ஓர் ஆளைக் குடிவைப்பதும் போகச் சொல்வதும் யார் பொறுப்பு என்பதுதான்.

மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் கண்ணில் படும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்ட் தமிழிலும் பேசுகிறது. ஆங்கிலத் திரையில் 'அலௌ' என்று இருப்பது தமிழ்த் திரையில் 'அனுமதி' என்று வரும். அகராதிப்படி பிழை இல்லை. ஆனால் அனுமதி என்ற சொல் நம் வாழ்க்கையில் எங்கே வருகிறது? கட்டட அனுமதி, அனுமதிச் சீட்டு, அனுமதி இலவசம், அந்நியருக்கு அனுமதி இல்லை. எல்லா இடத்திலும் அது மேலே இருப்பவர் தருவது. நாம் கைகட்டி நின்று வாங்குவது. திரையில் அந்தச் சொல்லைப் பார்க்கும் ஒரு மூதாட்டி, அந்தச் செயலியை உபயோகிக்கத் தனக்கு அனுமதி கிடைப்பதாகவே எடுத்துக்கொள்வார். கொடுப்பவர் தாம்தான் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். 'உங்கள் போனில் உள்ள எண்களை இவர்களிடம் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கொடுக்க வேண்டாம்' என்று எழுதினால் யாருக்கும் புரியும். நாலைந்து எழுத்துக் கூடும். இடம் போதவில்லை என்பார்கள். தேசிய மொழிபெயர்ப்பு இயக்கத்தின் இருப்பிடமான இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் 1969 முதல் இதே மைசூரில்தான் இருக்கிறது. கலைச்சொல் அகராதிகளைவிட அவசரமான வேலை இந்தப் பொத்தான்கள்.

2023இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இந்த இரண்டு குறைகளையும் தொடுகிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வசதி தர வேண்டும் என்கிறது. ஒப்புதல் சுதந்திரமாகவும், நிபந்தனை இல்லாமலும், விவரம் அறிந்தும் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆறாவது பிரிவில் ஓர் உதாரணமும் தருகிறது. தொலைவிலிருந்து மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று, சிகிச்சைக்கான தகவலோடு தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. பெண்மணி இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிடுகிறார். இருந்தாலும் சிகிச்சைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால், அவர் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கு மட்டுமே செல்லும். அதாவது, அவசரத்தில் அழுத்திய விரலையும் சட்டம் காப்பாற்ற முன்வருகிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அவை 18 மாத அவகாசம் தந்தன. அரசுக்கோ சட்டம் தாராளமாகவே விலக்கு அளித்திருக்கிறது. ஆரோக்கிய சேது காலத்துக் கேள்வி ஆகவே முடிந்துவிடவில்லை.

சட்டம் வந்து சேரும்வரை நம் கையில் இருக்கும் சாவிகளையாவது எண்ணி வைத்துக்கொள்ளலாம். போனின் அமைப்புகளில் தனியுரிமை என்ற பகுதிக்குப் போனால், அனுமதிகளை நிர்வகிக்கும் பக்கம் இருக்கும். எந்த அலமாரியை எந்தச் செயலி திறக்கலாம் என்பது அங்கே வரிசையாகத் தெரியும். நான்கைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. முதலாவது குறுஞ்செய்தி. வங்கி அனுப்பும் ரகசிய எண் அங்கேதான் வருகிறது. அதனால்தான் 2019 முதல் கூகிள் தன் கடையில், குறுஞ்செய்தியே தொழிலாக இல்லாத செயலிகளுக்கு இதைப் பெரும்பாலும் மறுத்துவருகிறது. இரண்டாவது தொடர்பு எண்கள். மூன்றாவது, கடைக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவும் அனுமதி. 2024 நவம்பரில் இமாசலப் பிரதேசப் போலீசார் எச்சரித்த மோசடி இந்த வழியாக வந்ததுதான். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வரும். தொட்டால் அது பத்திரிகை அல்ல, ஏபிகே என்று முடியும் ஒரு செயலி.

நான்காவதை யாரும் சந்தேகிப்பதில்லை. அணுகல்தன்மை என்று அதற்குப் பெயர். பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டவும், கை இயங்காதவர்களுக்காகப் பொத்தான்களை அழுத்தவும் உண்டாக்கிய அருமையான வசதி. மற்றவர் திரையைப் படிக்கவும் அவர் பெயரால் பொத்தானை அழுத்தவும் தெரிந்த ஒரு மோசடிச் செயலிக்கு ரூட் எதற்கு? பெரிய சாவிக்கு ஏறக்குறையச் சமமான சாவி இது. கடைக்கு வெளியிலிருந்து வந்த செயலிகள் இதை எளிதில் பெறாதபடி 2022இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பு தடை போட்டது. தடையை எப்படி நீக்குவது என்று போனில் பொறுமையாகச் சொல்லித்தருபவர் யாராக இருந்தாலும், அவர் உங்கள் நண்பர் அல்ல.

இவை தனி மனிதர் செய்யக்கூடியவை. ஆனால் பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டு, நீங்கள்தானே அழுத்தினீர்கள் என்று சொல்வது அநியாயம். வங்கிச் செயலிகள் குறைந்தபட்ச அனுமதிகளையே கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021லேயே சொல்லிவிட்டது. அதே கட்டுப்பாடு ரயில் டிக்கெட்டுக்கும் மின்கட்டணத்துக்கும் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவுக்கும் வர வேண்டும். கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு செயலியைப் பற்றிச் சொன்னது எல்லாச் செயலிகளுக்கும் பொது விதியாக வேண்டும்: தேவையில்லாத ஒன்றைக் கொடுக்க மறுத்தவருக்கு, தேவையான சேவையை மறுக்கக் கூடாது. பெரிய சாவி நமக்கு வராமலே போகலாம். வேண்டாம் என்று சொன்ன பிறகும் மின்கட்டணம் கட்ட முடிகிறது, டாக்டரைப் பார்க்க முடிகிறது, டார்ச் எரிகிறது என்ற நிலை வந்துவிட்டால் சின்னச் சாவிகளே போதும்.